எட்டு மாதம் ஆகிவிட்டது, இனி எந்த லைசென்ஸ் எடுப்பது?

இந்த முறை கடிதம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எழுதியவருக்கு 34 வயது, சொந்த ஊர் கோவை. புளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை, வதிவிட அனுமதி) மென்பொருள் வேலைக்கு வந்து, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வீடு பிடித்து முகவரி பதிந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை நிரந்தர ஒப்பந்தம். கிளம்புவதற்கு முன் ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியிருக்கிறார். அதில் ஒரு வருடம் செல்லும் என்று போட்டிருப்பதால் இன்னும் நாலு மாதம் தாராளமாக ஓட்டலாம் என்ற நம்பிக்கையில், சனி ஞாயிறுகளில் நண்பரின் காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஊரில் பத்து வருடத்துக்கு மேல் மேனுவல் கார் ஓட்டியவர். கார், கியர் பைக் இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு. ஜெர்மன் லைசென்ஸ் எடுக்கலாம் என்று விசாரித்தால், ஒருவர் "ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடு, சுலபம்" என்கிறார், இன்னொருவர் "பி 197 தான் எடுக்க வேண்டும்" என்கிறார், மூன்றாமவர் "மேனுவலிலேயே கொடுத்துவிடு" என்கிறார். மனைவிக்கு லைசென்ஸே இல்லை. இங்கே முதலிலிருந்து எடுத்தால் 3,000 யூரோவுக்கு மேல் ஆகும் என்பதால், டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகும்போது அங்கே எடுத்து வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம். கடைசியாக இரண்டு கேள்விகள்: ஜெர்மன் லைசென்ஸ் வாங்கினால் ஊர் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்களாமே, உண்மையா? 125 சி.சி. பைக் ஓட்ட என்ன வழி?

நண்பரே, நீங்கள் எந்த வகை என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது அதுதான்.

முதலில் நண்பரின் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

இன்றைக்கு உங்களுக்கு ஜெர்மனியில் கார் ஓட்டும் உரிமை இல்லை. இரண்டு மாதமாகவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸ், நீங்கள் இங்கே குடியிருக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். உங்கள் கையில் இருக்கும் சர்வதேச அனுமதியில் அச்சாகியிருக்கும் ஒரு வருடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் புத்தகம் உங்கள் ஊர் லைசென்ஸுக்கு மொழிபெயர்ப்பு மாதிரி, அவ்வளவுதான், தனியாக அதற்கு உயிர் இல்லை. சுற்றுலா வந்தவர் அதை வைத்து ஓட்டலாம். குடிவந்தவருக்கு ஆறு மாதத்தோடு முடிந்தது. இடையில் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் தவறு, வீடும் வேலையும் இங்கேயே இருக்கும்போது கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆறு மாதத்தை நீட்டிக்க ஒரு வழி உண்டு, ஆனால் அது மொத்தமாகவே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கப் போவதில்லை என்று நிரூபிப்பவர்களுக்கு. நிரந்தர ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அதைக் கேட்க முடியாது.

இதை அபராதம் கட்டிவிட்டுப் போகிற விஷயமாக நினைத்துவிடாதீர்கள். லைசென்ஸை வீட்டில் மறந்து வைத்துவிட்டு ஓட்டினால் சின்ன அபராதம், சரி. ஓட்டும் உரிமையே இல்லாமல் ஓட்டுவது இங்கே குற்றம். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். முதல் முறை மாட்டுபவர்களுக்குப் பொதுவாக அபராதத்தோடு முடியும் என்றாலும், இத்தனை மாதத்துக்கு உங்களுக்கு லைசென்ஸே தரக் கூடாது என்று நீதிமன்றம் தடை போடலாம், அப்படிப் போட்டால் குறைந்தது ஆறு மாதம். நிரந்தர வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தீர்ப்பு உங்கள் கோப்பில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, நீங்கள் நினைத்தே பார்க்காதது என்று நினைக்கிறேன்: உரிமை இல்லாதவரிடம் காரைக் கொடுத்த சொந்தக்காரர்மீதும் அதே பிரிவில் வழக்குப் போடலாம். உங்கள் நண்பர் நல்ல மனதோடு சாவி கொடுத்திருக்கிறார். விபத்து நடந்தால் அவருடைய காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடமோ அவரிடமோ 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம், காருக்கு ஆன சேதத்துக்குத் தர மாட்டேன் என்றும் சொல்லலாம்.

கடந்த இரண்டு மாதம் ஓட்டியதை நினைத்து இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்துங்கள், அது போதும். ஒருவேளை இது பற்றிப் போலீஸிடமிருந்து கடிதம் ஏதாவது வந்தால், ஆர்வக் கோளாறில் உட்கார்ந்து விளக்கம் எழுதி அனுப்பாதீர்கள். சந்தேகத்துக்குரியவராக அழைக்கப்படுகிறவர் வாய் திறக்காமல் இருப்பது இங்கே சட்டம் தரும் உரிமை. ஒரு வழக்கறிஞரைப் பார்த்த பிறகு பதில் சொல்லலாம்.

ஆறு மாதம் போனதால் எல்லாமே போய்விடவில்லை

இனி நல்ல செய்தி. ஆறு மாதம் முடிந்ததும் ஊர் லைசென்ஸ் குப்பை, முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று நினைத்து மனமொடிந்து போகிறவர்கள் பலர். அப்படி இல்லை. போனது ஓட்டும் உரிமைதான், மாற்றிக்கொள்ளும் உரிமை இன்னும் இருக்கிறது. இதை இங்கே 'உம்ஷ்ரைபுங்' என்பார்கள்.

ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் மாதிரியான நாடுகளின் லைசென்ஸைத் தேர்வே இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் நீங்கள் கொடுத்தாக வேண்டும். ஆனால் முதல்முறை எடுப்பவர்களுக்கு இருக்கும் கட்டாய வகுப்புகள் உங்களுக்குக் கிடையாது. இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து, ஓட்டுநர் பள்ளிக்குப் போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பள்ளியில் சேராமல் தேர்வு மட்டும் கொடுக்க முடியாது, தேர்வன்று பயிற்றுநர் பக்கத்தில் உட்கார வேண்டும். எத்தனை பாடம் என்பது மட்டும் உங்கள் திறமையையும் அவர் கணிப்பையும் பொறுத்தது. மொத்தக் கட்டாய வகுப்பையும் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிற பள்ளி என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போங்கள்.

விண்ணப்பத்துக்குத் தேவையானவை: ஊர் லைசென்ஸ், அதற்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு (வாகன ஓட்டிகளின் சங்கமான ஆ.டே.ஆ.ட்சே. செய்து தரும்), கண் பரிசோதனைச் சான்று, ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிச் சான்று, பயோமெட்ரிக் புகைப்படம், முகவரிப் பதிவுச் சான்று. ஊர் லைசென்ஸ் இன்னும் செல்லுபடியாகிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் இன்றைக்கே அட்டையை எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். விண்ணப்பம் கையெழுத்தாகி வருவதற்குச் சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் எழுத்துத் தேர்வுக்குப் படித்துவிடலாம். 30 கேள்வி, தப்புக்கான புள்ளிகள் 10-க்கு மேல் போகக் கூடாது, 5 புள்ளிக் கேள்விகள் இரண்டில் சறுக்கினாலும் தோல்வி. ஆங்கிலத்தில் எழுதலாம். ஓட்டும் தேர்வில் மட்டும் தேர்வாளர் ஜெர்மனில்தான் பேசுவார், இடது, வலது, அடுத்த வாய்ப்பில் நிறுத்து என்கிற அளவுக்குக் காது பழக வேண்டும். லைசென்ஸ் செலவைக் குறைக்க விதிகளை மாற்றும் பேச்சு 2025-லிருந்து நடக்கிறது, எனவே மொழி, கட்டணம் இரண்டையும் விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பி-யா, 78-ஆ, 197-ஆ

உங்களிடம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்களே, மூவருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் நிலைமையைச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் நிலைமையை யாரும் கேட்கவில்லை.

மூன்றும் பி வகுப்புதான், 3,500 கிலோ வரை எடையுள்ள கார். வித்தியாசம் தேர்வை எந்த வண்டியில் கொடுக்கிறீர்கள் என்பதில். மேனுவலில் கொடுத்தால் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத பி. ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தால் அட்டையின் பின்பக்கம் 78 என்ற எண் ஏறும், கிளட்ச் உள்ள காரை நீங்கள் தொடக் கூடாது. 2021 ஏப்ரலில் இதற்கு நடுவே ஒரு வழி வந்தது: தேர்வு ஆட்டோமேட்டிக்கில், ஆனால் மேனுவலில் குறைந்தது பத்துப் பாடம் (பாடம் என்றால் 45 நிமிடம்) ஓட்டி, பள்ளியிலேயே 15 நிமிடம் ஓட்டிக் காட்டினால் 78-க்குப் பதிலாக 197 ஏறும், இரண்டு வகைக் காரையும் ஓட்டலாம்.

197 இங்கே இளைஞர்களுக்கு அருமையான ஏற்பாடு, ஏனென்றால் அவர்கள் எப்படியும் நிறையப் பாடம் எடுக்க வேண்டியவர்கள், அதில் பத்தை மேனுவலில் ஓட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. உங்கள் கணக்கு வேறு. உங்களுக்குக் கட்டாயப் பாடமே இல்லாதபோது, 197-ஐத் தேர்ந்தெடுத்தால் இல்லாத பத்துப் பாடத்தை நீங்களாக வாங்கிக்கொள்கிறீர்கள். ஒரு பாடம் 60 முதல் 80 யூரோ வரை வாங்கும் ஊரில் அது 600, 800 யூரோ. ஆகவே பத்து வருடம் கிளட்ச் மிதித்த உங்களுக்கு என் முதல் யோசனை, மேனுவல் காரிலேயே தேர்வைக் கொடுங்கள் என்பதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. கியர் போடுவது உங்கள் கைக்குத் தெரியும், இடது கைக்கு. இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில், சாலையின் வலது ஓரத்தில் ஓட வேண்டும். சிலருக்கு நாலு பாடத்தில் கை பழகிவிடும். சிலருக்குப் பழகாது, சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் பதறி, அந்தப் பதற்றத்தில் கண்ணாடி பார்க்க மறந்து தேர்வு போய்விடும். தேர்வு 55 நிமிடம், ஒவ்வொரு முறை தோற்கும்போதும் தேர்வுக் கட்டணம் மட்டும் சுமார் 130 யூரோ, அதோடு பள்ளிக்கான கட்டணமும் கூடுதல் பாடமும் சேரும். அதனால் முதல் இரண்டு பாடத்தை மேனுவலில் ஓட்டிப் பாருங்கள். பயிற்றுநரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கை திணறினால் வெட்கப்படாமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாறுங்கள், 78 ஏறினாலும் அது ஆயுள் தண்டனை இல்லை, பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்தப் பத்துப் பாடத்தையும் பதினைந்து நிமிடத்தையும் முடித்து 197 ஆக்கிக்கொள்ளலாம்.

"மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி மேனுவல் எதற்கு" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சொந்தக் காருக்கு அது சரி. ஆனால் கோடையில் இத்தாலியிலோ கிரீஸிலோ வாடகைக் கார் எடுக்கும்போது மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மேனுவல்தான், அவசரத்துக்கு அலுவலக நண்பர் நீட்டும் சாவியும் மேனுவலாக இருக்கலாம்.

உங்களுக்குக் கஷ்டம் கிளட்ச்சில் வராது, பழக்கத்தில்தான் வரும். நம் ஊரிலிருந்து வந்து தோற்றவர்கள் என்னிடம் சொன்ன காரணங்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு. பலகை எதுவும் இல்லாத குடியிருப்புத் தெரு முனையில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. நீங்கள் அகலமான தெருவில் வந்தாலும் அவர் சந்திலிருந்து வந்தாலும் நீங்கள்தான் வேகம் குறைக்க வேண்டும். நம் கண் பெரிய வண்டிக்கு வழிவிட்டுப் பழகியது, இது புதிது. அடுத்தது, வலது பக்கம் திரும்புமுன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பி சைக்கிள் வருகிறதா என்று பார்ப்பது. கண்ணாடியில் பார்த்தேன் என்று சொன்னால் போதாது, தேர்வாளர் உங்கள் தலை திரும்புவதைப் பார்க்க வேண்டும். ஊரில் எட்டுப் போட்டுக் காட்டிய தைரியத்தில் பாடமே எடுக்காமல் போய் உட்காராதீர்கள்.

இன்னொரு சலுகையும் உங்களுக்கு உண்டு. புதிதாக லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வருடம் சோதனைக் காலம் இருக்கும். ஊரில் நீங்கள் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து கடந்த காலத்தை அதில் கழித்துக்கொள்வார்கள், ஆக உங்களுக்கு அது ஏற்கெனவே முடிந்தது.

மனைவியின் டிசம்பர் திட்டம் பற்றி

தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க நீங்கள் யோசித்தது புரிகிறது, ஆனால் இது இரண்டு பக்கமும் உடைகிறது.

ஜெர்மனியில் குடியிருந்துகொண்டே வெளிநாட்டில் போய் வாங்கிய லைசென்ஸ் இங்கே செல்லாது. வாங்கிய தேதியில் நீங்கள் எங்கே குடியிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி, அட்டையில் அந்தத் தேதி பளிச்சென்று இருக்கும், இங்கே பதிவு அலுவலகத்தில் உங்கள் மனைவி வந்த தேதியும் இருக்கும். ஆறு மாத உரிமையும் கிடைக்காது, மாற்றிக்கொள்ளும் சலுகையும் கிடைக்காது. ஊர்ப் பக்கமும் கணக்கு உதைக்கிறது: எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும், நீங்கள் போவதோ மூன்று வாரம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அப்படி வரும் அட்டை உங்கள் மனைவியைத்தான் சிக்கலில் மாட்டும்.

அவர் இங்கேயே எடுக்கட்டும். 90 நிமிட எழுத்து வகுப்பு 14, அதன் பிறகு கட்டாயச் சிறப்பு ஓட்டங்கள் 12 பாடம்: ஊருக்கு வெளியே 5, ஆட்டோபான் என்கிற அதிவேகச் சாலையில் 4, இருட்டில் 3. இதற்கு முன்னால் சாதாரணப் பாடங்கள், அவர் எவ்வளவு சீக்கிரம் பழகுகிறாரோ அவ்வளவு. பணம் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு 197 கச்சிதமாகப் பொருந்தும். எப்படியும் எடுக்கப் போகும் பாடங்களில் பத்தை மேனுவலில் முடித்து, தேர்வை நிதானமாக ஆட்டோமேட்டிக்கில் கொடுக்கலாம். ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு பாதை, மனைவிக்கு இன்னொன்று என்பதில் தப்பே இல்லை. பணம் இருவருக்கும் சேர்த்து இப்போது முடியாது என்றால், ஒரு வேண்டுகோள், தள்ளிப்போடப்படுவது எப்போதும் மனைவியுடையதாக இருக்க வேண்டாம். பகலில் பிள்ளைகளை மருத்துவரிடமும் கிண்டர்கார்ட்டனுக்கும் கூட்டிப்போவது அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் செலவு குறைவாக முடியப் போவதால் அந்த மிச்சத்தை அவர் பக்கம் திருப்பலாம்.

ஊர் லைசென்ஸும் பைக்கும்

ஆமாம், ஊர் லைசென்ஸை வாங்கிக்கொள்வார்கள். விண்ணப்பிக்கும்போது அல்ல, ஜெர்மன் அட்டையைக் கையில் கொடுக்கும்போது. அதைக் கொடுக்காமல் இதைத் தரக் கூடாது என்பது விதி. தொலைந்துவிட்டது என்று ஊரில் நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள், பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் அளவுக்கு இதில் லாபம் இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஜெர்மன் லைசென்ஸை வைத்து இங்கே சர்வதேச அனுமதி வாங்கிக்கொண்டு போய் ஓட்டலாம். கொடுக்குமுன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள், வாங்கிய தேதி தெளிவாகத் தெரிய வேண்டும், காப்பீட்டில் பல வருட அனுபவமுள்ள ஓட்டுநர் என்று காட்ட உதவலாம்.

பைக் விஷயத்தில் பலர் பி 196-ஐச் சொல்வார்கள். 25 வயதும், ஐந்து வருடம் பி வகுப்பும் இருப்பவர்கள் ஒன்பது 90 நிமிட வகுப்பு முடித்தால் தேர்வே இல்லாமல் 125 சி.சி. ஓட்டலாம், ஆனால் ஜெர்மனிக்குள் மட்டும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போனால் செல்லாது. உங்கள் ஊர் அட்டையில் கியர் பைக்கும் இருப்பதால், இப்போதே விண்ணப்பத்தில் கார் வகுப்போடு மோட்டார் சைக்கிள் வகுப்பையும் சேர்த்துக் கேளுங்கள். பைக்குக்குத் தனியாக எழுத்தும் ஓட்டும் தேர்வும் உண்டு, செலவும் தனி. ஆனால் அட்டையைக் கொடுத்த பிறகு அலுவலகத்தில் போய் என்னிடம் பைக் லைசென்ஸும் இருந்தது என்று நிரூபித்துக்கொண்டிருப்பதைவிட இது எளிது. அவ்வளவு பைக் ஆசை இல்லை, பக்கத்துக் கடைக்கு மட்டும் போனால் போதும் என்றால், பி வகுப்பிலேயே 45 கிலோமீட்டர் வேக ஸ்கூட்டர் ஓட்டும் உரிமை அடங்கியிருக்கிறது.

உங்கள் நண்பரிடம் சாவியைக் கொடுக்கும்போது காரணத்தையும் சொல்லிவிடுங்கள். வேறு யாருக்காவது அவர் இதே மாதிரி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.